வயர்லெஸ் கீபோர்டு: வயரை எடுத்தால் போதுமா?

அலுவலக மேஜையில் வயர்கள் பின்னிக் கிடப்பதைப் பார்த்து அலுத்துப் போனவர்கள் முதலில் வாங்க நினைப்பது வயர்லெஸ் கீபோர்டுதான். தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த வயர் இதுவரை மூன்று வேலைகளைச் செய்து வந்தது. கீபோர்டுக்கு மின்சாரம் தந்தது. அழுத்திய எழுத்தைத் தவறாமல் கொண்டு சேர்த்தது. அதனை வேறு யாரும் படிக்காமல் காத்தது. வயர் போனால் இந்த மூன்றையும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

எந்த வகை?

முதல் வகையில் சிறிய யுஎஸ்பி ரிசீவர் ஒன்று உடன் வரும். அதை கம்ப்யூட்டரில் செருகியவுடன் கீபோர்டு இயங்கும். ஆனால் ரிசீவர் தொலைந்தால் பல மாடல்களில் கீபோர்டே வீணாகிவிடும். இரண்டாவது, புளூடூத் வகை. இதற்குத் தனி ரிசீவர் தேவையில்லை. கம்ப்யூட்டரில் புளூடூத் இருந்தால் போதும். ஆனால் விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையில் இது பெரும்பாலும் இயங்காது. எனவே பழைய வயர் கீபோர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எழுத்து விட்டுப் போகிறதா?

கடிதத்தில் ஓர் எழுத்து விட்டுப் போனால் படிக்கும்போதே தெரிந்துவிடும். எக்ஸெல் கணக்கில் 10,000 என்பது 1,000 ஆகிவிட்டால்? இப்படி எழுத்து விடுபட்டாலோ, இரண்டு முறை விழுந்தாலோ, முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இந்தக் கீபோர்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் இதே அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012ல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியது. ரிசீவரை அவற்றிலிருந்து தள்ளி, யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் மூலம் மேஜை மீது கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

பாஸ்வேர்டு பத்திரமா?

2016ல் அமெரிக்காவின் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், எட்டு நிறுவனங்களின் விலை குறைந்த கீபோர்டுகள் எழுத்துகளை எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே காற்றில் அனுப்புவதைக் கண்டறிந்தது. சுமார் 250 அடி தொலைவில் இருந்தே அவற்றை ஒருவர் படிக்க முடியும். அதாவது அடுத்த கட்டடத்தில் இருப்பவர்கூட உங்கள் பாஸ்வேர்டை எடுத்துவிடலாம்.

எனவே வாங்கும்போது அட்டைப் பெட்டியில் ‘ஏஇஎஸ் 128 பிட் என்கிரிப்ஷன்’ என்று குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். புளூடூத் இணைப்பிலும் 2023ல் ஒரு பிழை வெளியானது. எனவே விண்டோஸ் அப்டேட்டுகளைத் தள்ளிப் போடாதீர்கள்.

முடிவாக, மேஜையை அடிக்கடி மாற்றுபவருக்கும், திரையிலிருந்து தள்ளி அமர்ந்து டைப் செய்பவருக்கும் வயர்லெஸ் கீபோர்டு நல்ல வசதி. நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து கணக்கும் வங்கி வேலையும் பார்ப்பவருக்கு, வயர் உள்ள சாதாரண கீபோர்டே போதுமானது.