ஆடியில் கணக்கு, தையில் பூ

(மூன்றாமாண்டு தாவரவியல் மாணவர் ஒருவர்)

சங்கம் என்றால் ஆண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என்றால் சிறப்பு விருந்தினர், சிறப்பு விருந்தினர் என்றால் பொன்னாடை என்ற எண்ணம் நம் ஊர்களில் ஊறிப்போய்விட்டது. இலக்கியச் சங்கத்துக்கோ விளையாட்டுச் சங்கத்துக்கோ இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. விருந்தினர் ஒரு வாரம் தாமதித்து வந்தாலும் கவிதை வாடிவிடாது. தோட்டச் சங்கத்தின் நிலை வேறு. அங்கே கூட்டத்துக்கு வர வேண்டிய முதல் விருந்தினர் பூ. அதை அறியாமல் கூட்டம் நடத்தப் புகுந்தால் என்ன ஆகும் என்பதையும், அறிந்து நடத்துவது எப்படி என்பதையும் நான் கண்ட அளவில் எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் வீட்டுத் தோட்டம் போடுவோர் கூடி நடத்தும் சங்கம் ஒன்று உண்டு. ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றோர் என எல்லாரும் அதில் இருக்கிறார்கள். என் பெரியப்பாவும் ஓர் உறுப்பினர். மின்கம்பம் ஏறிப் பிழைத்தவர். ஓய்வுக்குப் பின் மொட்டைமாடியில் நாற்பது தொட்டிகளில் சாமந்தி வளர்த்து வந்தார். சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் கழிந்த முதல் ஞாயிறன்று ஆண்டுக் கூட்டமும் மலர்க் கண்காட்சியும் என்று முடிவாகி அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. பத்து நாள் இருக்கும்போது, விருந்தினருக்கு அன்று வேறு அலுவல் என்று தெரிய வந்தது. செயற்குழு அவசரமாகக் கூடிக் கூட்டத்தை மூன்று வாரம் தள்ளி வைத்தது. செய்தி கேட்ட பெரியப்பா மாடிக்குப் போய் நின்றார். தொட்டிகளில் மொட்டுகள் பாதி விரிந்திருந்தன. “மூணு வாரம் பொறுன்னு இதுங்ககிட்ட யாருடா போய்ச் சொல்றது?” என்று என்னைக் கேட்டார். நான் தாவரவியல் மாணவன்; என்னிடமும் விடை இல்லை.

கூட்டத்தன்று மேசைகள் காலியாக இல்லை. முதல் நாள் மாலை நர்சரியில் விலை கொடுத்து வாங்கி, வாடகை வண்டியில் ஏற்றி வந்த தொட்டிகள் அழகாக அணிவகுத்து நின்றன. முதற்பரிசு பெற்ற தொட்டியின் அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். அடுத்த ஆண்டு பெரியப்பா சந்தா கட்டவில்லை. அவரைப் போல் இன்னும் பலர் கட்டவில்லை. யாரும் சண்டையிடவில்லை, கடிதம் எழுதவில்லை, வராமல் நின்றுவிட்டார்கள். ஒரு சங்கம் இப்படித்தான் பெரும்பாலும் தேய்கிறது. சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர். காரணத்தை உணர்ந்து எங்கள் துறைக்கு வந்து, “இந்தத் தடவை தேதியை நீங்க குறிச்சுக் கொடுங்க, சார்” என்று பேராசிரியரிடம் கேட்டார். அவ்வேலையில் நாங்கள் நால்வர் உதவினோம்.

தேதி குறிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பழைய சங்கங்களைப் பார்த்தால் இது விளங்கும். இலண்டனில் 1804இல் ஒரு புத்தகக் கடையில் ஏழு பேர் கூடித் தொடங்கியதுதான் இன்று அரச தோட்டக்கலைச் சங்கம் என்று உலகறிய விளங்குகிறது. அதன் புகழ்பெற்ற செல்சி கண்காட்சி 1913 முதல் அங்கு நடந்து வருகிறது. அந்நாட்டின் வசந்தம் நிறைந்து நிற்கும் மே மாதத்திலேயே அதனை வைத்திருக்கிறார்கள். உதகையில் 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சியும் மே மாதத்துக்கு உரியது. சமவெளியில் நாம் வெந்துகொண்டிருக்கும் மே, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள மலையில் பூவின் பருவம். பெங்களூர் லால்பாக்கில் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டிக் கண்காட்சி நடத்துகிறார்கள். ஆண்டு முழுதும் மிதமான தட்பவெப்பமும், தொட்டிகளைக் கவனிக்கச் சம்பள ஆட்களும் இருக்கும் இடத்தில் அது இயலும். மொட்டைமாடிக்காரருக்கு அது முன்மாதிரி ஆகாது.

நம் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இதழ் அழுகும், இலையில் பூஞ்சணம் படியும். மார்ச் பிறந்தால் வெயில். ஆகவே நமக்குக் கிடைப்பது சனவரி, பிப்ரவரி என்ற குறுகிய சந்து. அதிலும் பொங்கல் வாரத்தில் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவர். பொங்கல் கழிந்த ஞாயிறு என்று பழைய செயற்குழு குறித்ததில் பிழையே இல்லை. அதை அசைத்ததுதான் பிழை.

அந்த ஞாயிற்றிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ரோஜாவுக்குக் கவாத்து செய்த நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பூ வரும். எனவே நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து. மழைக்காலமாதலால் வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சணக் கொல்லியைக் குழைத்துத் தடவிவிட வேண்டும்; தவறினால் கிளை மேலிருந்து காய்ந்துகொண்டே இறங்கும். அனுபவசாலிகள் எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு இரண்டாக வெட்டுவர். ஏதாவது ஒரு தொகுதி சரியாக அந்த நாளில் விரியும். ஜினியாவும் துலுக்கச் சாமந்தியும் விதைத்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பூப்பவை. நவம்பர் முதல் பாதியில் விதைத்தால் போதும். ரோஜாக்காரருக்கு எட்டு வாரம் முன்பே தேதி மாற்றம் தெரிந்தால் சமாளித்துக்கொள்வார். பத்து நாளில் சொன்னால் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

சாமந்தியின் கதை இன்னும் சுவையானது. 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், ஒருவகைப் புகையிலை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கிறது என்று கண்டறிந்தார்கள். ‘குறும்பகல் தாவரம்’ என்று நாம் பாடத்தில் படிப்பது அதுதான். உண்மையில் செடி அளப்பது பகலை அன்று, இடையறாத இரவை என்பது 1938இல் ஹாம்னர், பானர் ஆகியோர் செய்த சோதனைகளால் தெளிவாயிற்று. சாமந்தியும் இக்குடும்ப வழக்கம் உடையது. சூன், சூலையில் நட்டு, நுனி கிள்ளிக் கிளைக்க விட்டால், இரவு நீளும் காலத்தில் மொட்டு வைக்கும். நடவையும் கடைசிக் கிள்ளலையும் தள்ளிப்போட்டால் பூவும் ஓரளவு தள்ளிப்போகும். ஓரளவுதான்; பிறகு அது யாருக்காகவும் காத்திராது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் பக்கத்து வீட்டில் சாமந்தித் தொட்டிகள் ஒருபுறம் பூத்து, மறுபுறம் பச்சையாகவே நின்றன. உரக்குறை என்று அவர்கள் எருவாகக் கொட்டினார்கள். பெரியப்பா ஒரு மாலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, புதிதாகப் போட்ட தெருவிளக்கின் வெளிச்சம் அந்தப் பக்கம் விழுவதைக் காட்டினார். இரவைத் துண்டாடினால் குறும்பகல் செடி பூக்க மறுக்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் விளக்கு அவர் தொழில்.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். பதிவு பெற்ற சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு உட்பட்டது. பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை அதன்முன் வைப்பது கடமை. கணக்கோ மார்ச் 31இல் முடிகிறது. பூவோ தையில் வருகிறது. பத்து மாதம் ஆறிப்போன கணக்கை மாலை மரியாதைகளுக்கு இடையே படித்தால் யார் கேட்பார்கள்? எங்கள் பேராசிரியர் சொன்ன வழி எளியது. கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுவது. ஆடி மாதம் ஒரு மாலையில் பொதுக்குழு: கணக்கு, தேர்தல், தீர்மானங்கள். மேடை இல்லை, விருந்தினர் இல்லை, சுண்டலும் தேநீரும் மட்டும். தையில் பூ விழா. அதில் கணக்குப் பேச்சே கூடாது.

ஆடிக் கூட்டத்துக்கு ஆள் வருவார்களா என்ற ஐயம் எங்களுக்கும் இருந்தது. ஆடி என்பது சாமந்திக் கன்று நடும் பருவம் என்பதை அப்போது பயன்படுத்திக்கொண்டோம். நல்ல தாய்ச்செடிகளிலிருந்து நுனிக் குச்சிகளைக் கிள்ளி, மணலில் வேர்விடச் செய்து, கூட்டத்துக்கு வந்த ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு கன்றுகள் கொடுத்தோம். அனைவருக்கும் ஒரே வகை, ஒரே வயது. ஒவ்வொரு கன்றுக்கும் எண் பொறித்த தகட்டு வில்லை. தை விழாவின் முதன்மைப் போட்டி இக்கன்றுகளுக்கு மட்டுமே என்று அங்கேயே அறிவித்தாயிற்று. நர்சரித் தொட்டிக்கு அந்த மேசையில் இடமே இல்லாமற் போயிற்று. மற்ற பிரிவுகளிலும், செடி குறைந்தது மூன்று மாதம் தம் கையில் வளர்ந்திருக்க வேண்டும் என்று விதி சேர்த்தோம். இதை யார் மெய்ப்பிப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவரவர் கையொப்பம்தான். சிறிய ஊரில் அது போதுமானதாக இருக்கிறது.

விழா நாளின் கால அட்டவணையை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். கல்லூரி மண்டபமும் வகுப்பு பெஞ்சுகளும் முதல்வர் அனுமதியுடன் கிடைத்தன. காலை ஏழு முதல் ஒன்பது வரை பூக்களை அடுக்குதல். ஒன்பதுக்கு மண்டபக் கதவு சாத்தப்படும்; தலைவரானாலும் வெளியே. பத்தரை வரை நடுவர்கள் மட்டும் உள்ளே. போட்டியாளர் பெயர் எழுதிய சீட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே எண் மட்டும் தெரியச் செய்ய வேண்டும். நடுவர் மூவரும் வெளியூர்க்காரராக இருத்தல் நலம். ‘மூன்று ரோஜா’ என்று விதி இருந்தால் நான்கு வைத்தவர், பூ எவ்வளவு அழகாக இருப்பினும், போட்டியில் இல்லை. இதில் இரக்கம் காட்டினால் அடுத்த ஆண்டு விதியே இராது.

வெட்டுப்பூவைக் கொண்டு வருவோர்க்கு ஒரு சொல். அதிகாலையில் வெட்டி, உடனே கழுத்தளவு நீரில் நிறுத்தி, நிழலில் வைத்திருந்து, மண்டபத்தில் காம்பின் நுனியை மறுபடி சாய்வாக வெட்டி வைத்தால் மாலைவரை நிற்கும். இதழ்மேல் தண்ணீர் தெளிப்பது வீண் அலங்காரம்.

சிறப்பு விருந்தினரை நாங்கள் விலக்கிவிடவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பரிசளிக்க அழைத்தோம். அவர் வராவிட்டால் உறுப்பினரில் மூத்தவர் பரிசளிப்பார் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டோம். அவர் சரியான நேரத்துக்கு வந்து, ஐந்து நிமிடம் பேசி, இரண்டு மணிவரை செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்! சொற்பொழிவுக்குப் பதிலாக ஒரு காலிப் பூந்தொட்டியை வாயிலில் வைத்து, ஐயங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொன்னோம். பாதிச் சீட்டுகள் ஒரே கேள்வி: செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொள்வது என்ன?

அது மாவுப்பூச்சி. அதனை ஒட்டியே செடி மாற்று மேசைக்கு ஒரு காவல் வைத்திருந்தோம். உறுப்பினர் ஒரு செடி கொண்டு வந்து கொடுத்தால் ஒரு வில்லை. அவ்வில்லைக்கு வேறொரு செடி எடுத்துச் செல்லலாம். காசு கிடையாது. உண்மையைச் சொன்னால், பலர் விழாவுக்கு வருவதே இந்த மேசைக்காகத்தான். ஆனால் செடியோடு பூச்சியும் கைமாறும். 2008இல் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவிய கொடுமையை உழவர் மறந்திரார். அதன் இயற்கை எதிரியான சிறு குளவியை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த பிறகே அது அடங்கிற்று. ஆகவே நுழைவாயிலில் இரு மாணவர் கைக்கண்ணாடியுடன் அமர்ந்து, இலையின் அடிப்புறத்தையும் கணுவையும் பார்த்த பின்பே செடியை உள்ளே விட்டனர். இரண்டு தொட்டிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஒன்று என் பெரியம்மாவுடையது.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் போதும். கைகழுவும் இடம் பூ மேசைக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும்.

பெரியப்பா சந்தா கட்டித் திரும்ப வந்தார். ஆடிக் கன்றுப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசுதான். முதற்பரிசு பள்ளி மாணவி ஒருத்திக்கு. “அந்தப் பொண்ணு பக்க மொட்டை எப்பக் கிள்ளுச்சின்னு கேட்டுச் சொல்லுடா” என்று என்னை இரண்டு முறை அனுப்பினார்.

விழா முடிந்ததும் பெஞ்சுகளைத் துடைத்து வகுப்புகளில் சேர்ப்பது, நடவடிக்கைக் குறிப்பேட்டை அன்றே எழுதிக் கையொப்பம் வாங்குவது ஆகியவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. பூத்து ஓய்ந்த சாமந்தியைப் பிடுங்கி எறியக் கூடாது. தண்டைக் குட்டையாக வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். வரும் ஆடிக்கு வேண்டிய குச்சிகள் அவற்றிலிருந்துதான். அத்தாய்ச்செடிகள் இருபத்தைந்து இப்போது நம் துறைக் கட்டடத்தின் பின்புறம் வேப்பமர நிழலில் இருக்கின்றன. வாரத்துக்கு இருவர் தண்ணீர் ஊற்றுகிறோம். ஏப்ரல் வரைக்கும் ஆள் இருக்கிறது; மே மாத விடுமுறைக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. உள்ளூரில் தங்கும் நண்பர்கள் துறை அறிவிப்புப் பலகையிலுள்ள தாளில் எழுதலாம்.