அண்ணன் பேரு இருக்கா?

ஒவ்வோர் ஆண்டும் ஆடி அமாவாசைக்கு முன்னால் சுங்கைப்பட்டாணிக்கு ஒரு நடை போய்ப் பெரிய பாட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். என் பாட்டியின் அக்காள் அவர். வயது 91. காது கொஞ்சம் மந்தம், நினைவில் மந்தமில்லை.

இந்த முறை என் கைப்பேசியில் காஞ்சனபுரிப் படங்கள் இருந்தன. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தாய்லாந்து போனபோது எடுத்தவை. ஆற்றுப்பாலத்தைப் பார்த்ததும் பாட்டி கண்ணாடியைத் தேடினார். அவருடைய அண்ணன் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

பாலத்துக்கு அடுத்த படம் போர்க் கல்லறைத் தோட்டம். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கற்கள்.

"இதுல அண்ணன் பேரு இருக்கா, பெருசாக்கிப் பாரு."

"இது வெள்ளைக்காரங்களுக்குப் பாட்டி."

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். சுமார் 60,000 போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஒரு கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் இருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் வரை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பல்லாயிரம். காலரா, மலேரியா, பசி, அடி. இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடுதான். கைதிகளுக்கு இருந்ததுபோல் இவர்களுக்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல் இல்லை.

"நம்ப ஆளுங்கள எங்க பொதைச்சாங்க?"

ஊருக்குள் ஒரு புத்தர் கோயிலில் தொழிலாளர்களின் எலும்புகள் இருக்கின்றன என்று சொன்னேன். "படம் காட்டு" என்றார். படமில்லை. அன்று பிள்ளைகளுக்குப் பசி, ஆற்றில் மிதக்கும் உணவகத்துக்குப் போய்விட்டோம்.

பாட்டி திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் கேட்காததைச் சொன்னார்.

"மூணு மாச வேல, நாளுக்கு ஒரு வெள்ளி"ன்னு ஆள் எடுத்தார்களாம். பட்டியலில் இருந்தது அப்பாவின் பெயர். அப்பா குளிர்காய்ச்சலில் கிடந்ததால் மகனைக் கேட்டார்கள். அண்ணனுக்கு 17 வயது. பால் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். லயத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பாட்டியிடம் கங்காணி வந்து, ஒரு பிடி சீனியைக் கையில் கொட்டி, "அண்ணன் எங்கம்மா?" என்று அன்பாகக் கேட்டார்.

"சீனியப் பாத்து எத்தன மாசமோ. கைய நீட்டிக் காட்டிட்டேன்."

லாரி போன பிறகும் கையை நக்கிக்கொண்டு நின்றாராம். அவர் அம்மா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெரியுமா தெரியாதா என்பதும் தெரியாது. பாட்டி காப்பியில் சீனி போடமாட்டார். இனிப்புநீர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஒம்பது வயசுப் புள்ள பாட்டி நீங்க" என்றேன். வானொலியில் தினமும் நாலு மணி நேரம் பேசுகிறவளுக்கு அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"அது எனக்கும் தெரியும்" என்றார்.

இறந்த நாள் தெரியாது, திதி கிடையாது. அதனால்தான் ஆடி அமாவாசை. பாட்டியின் தம்பி இருந்தவரை எள்ளும் தண்ணீரும் விட்டார், இப்போது அவர் மகன் விடுகிறார். பெயரைச் சரியாகச் சொல்கிறானா என்று பாட்டிக்குச் சந்தேகம். அப்பா பெயரோடு சேர்த்து என்னை இரண்டு முறை சொல்ல வைத்தார். கைப்பேசியில் எழுதிக்கொண்டேன்.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. தோட்டத்துப் பேரப் போடாத. கங்காணி பேரப்புள்ளைங்க நல்லவங்க, இன்னும் நம்ம வீட்டுக்கு வந்து போறாங்க."

வாசல் வரை வந்து வழியனுப்பியவர், அந்தக் கோயிலுக்கு எப்போது போவாய் என்றார். டிசம்பரில் விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.