இளநீரைக் குறை சொல்லும் முன் மாத்திரை டப்பாவைப் பாருங்கள்!

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம் என்று சொல்ல ஊரே இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால், பொட்டாசியத்தை ஏற்றும் இன்னொரு ஆசாமி மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கலாம். அது ஓர் ஆன்டிபயாட்டிக்!

பெயர் கோ-டிரைமாக்ஸசோல். செப்ட்ரான், பாக்ட்ரிம் என்றால் பலருக்கும் தெரியும். சிறுநீர்க் கடுப்புக்குக் காலங்காலமாகத் தரப்படும் மலிவான மாத்திரை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு இதை டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். புதிய கிட்னியை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைக்கிறார்கள் அல்லவா, அந்த நேரத்தில் நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்க, பெரும்பாலும் முதல் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை குறைந்த அளவில் இது தேவை. அதனால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிக்கல் எங்கே?

இந்த மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று டிரைமெத்தோபிரிம். சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் சோடியம் உள்ளே போகும், பொட்டாசியம் வெளியேறும். டிரைமெத்தோபிரிம் சோடியம் நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது. பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்குகிறது. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. கூடவே ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் மூன்று பக்கமும் அடைப்பு.

கனடாவின் ஒன்டாரியோவில் இத்தகைய பி.பி. மாத்திரை சாப்பிடும் முதியவர்களை ஆராய்ந்து 2010-ல் ஒரு முடிவு வெளியானது. அமாக்ஸிசிலின் எடுத்தவர்களைவிட, கோ-டிரைமாக்ஸசோல் எடுத்தவர்கள் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு. இவர்கள் சாதாரண முதியவர்கள்தான். ஒற்றைக் கிட்னியோடு, டாக்ரோலிமஸும் எடுப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்கலாம். 6-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தடுமாறலாம். கை கால் தளர்ச்சி, படபடப்பு வரலாம். எதுவுமே தெரியாமலும் போகலாம். அதுதான் பயமே. மாத்திரை தொடங்கி ஒரு வாரத்துக்குள்ளேயே அளவு ஏறிவிடலாம் என்பதால், டாக்டர் சொல்லும் தேதியில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. (எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்திருந்தால் பொய்யாகவே அதிகம் காட்டும். மறுபடி எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.)

மூலக்கொத்தளத்துக்காரர்களுக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால், இரவில் காய்ச்சலோ கடுப்போ வந்தால் கால் போவது தெருமுனை கிளினிக்குக்கோ மெடிக்கல் ஷாப்புக்கோதான். தடுப்புக்கு தினமும் ஒரு சிறிய மாத்திரை என்றால் டிரைமெத்தோபிரிம் 80 மில்லிகிராம். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரிய மாத்திரை இரு வேளை என்றால் 320 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு! கிட்னி மாற்றியவர் என்று சொல்லாவிட்டால் அங்கிருப்பவருக்கு எப்படித் தெரியும்? போனில் மருந்துச் சீட்டின் போட்டோ இருந்தால் போதும்.

கிளாரித்ரோமைசினுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். அப்புறம், பி.பி.க்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு.