'ஹூ'வுக்கு ஒரு வால்!

ஆங்கிலப் பரீட்சையில், 'ஹூ' போடுவதா, 'ஹூம்' போடுவதா என்று தெரியாமல், பேனாவைக் கடித்திருக்கிறீர்களா குட்டீஸ்? கவலை வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில், 'யார்' என்பதை, 'ஹ்வா' என்றனர்; 'யாருக்கு' என்பதை, 'ஹ்வாம்' என்றனர். நாம், 'யார்' என்ற சொல்லோடு, 'கு' சேர்ப்பது போல, அவர்களும் சொல்லின் கடைசியை மாற்றினர். அந்த, 'ம்' தான், இன்றைய, 'ஹூம்' சொல்லின் வால்.

அன்று, பெயர்ச்சொற்களுக்கும் இப்படிப் பல வால்கள் இருந்தன. நாளடைவில், பேச்சில் தேய்ந்து, பெரும்பாலானவை உதிர்ந்து விட்டன. 'ஹிம், தெம், ஹூம்' போன்ற சில சொற்களில் மட்டும், 'ம்' ஒட்டிக் கொண்டுள்ளது.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? 'பரிசு வாங்கிய பையன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, 'பாய்' என்பதற்குப் பின், 'ஹூ' சேர்க்கிறோம். பழைய ஆங்கிலத்தில், 'ஹூ'வுக்கு இந்த வேலையே இல்லை. கேள்வி கேட்பது தான் அதன் முக்கிய வேலை. 'மனிதருக்கு ஹூ, பொருளுக்கு விச்' என்ற விதியும் பிறகு வந்தது தான். 1611ல், இங்கிலாந்தில் வெளியான பைபிளில், மனிதருக்கும், ஏன், கடவுளுக்குமே, 'விச்' வருகிறது. அன்று அது பிழையல்ல!

கடந்த 1762ல், ராபர்ட் லவுத் என்ற பாதிரியார், ஓர் இலக்கண நூல் எழுதினார். 'ஹூம்' வர வேண்டிய இடத்தில், 'ஹூ' எழுதி விட்டார் என்று, நாடக மேதை ஷேக்ஸ்பியரிடமே குற்றம் கண்டுபிடித்தார் அவர். அமெரிக்காவில் அகராதி தயாரித்த நோவா வெப்ஸ்டரோ, 'மக்கள் பேச்சில், ஹூ தானே வருகிறது. அதுவே சரி' என்று வாதாடினார்.

'இன்னும், 200 ஆண்டுகளில், கேள்வி கேட்க, ஹூம் என்ற சொல்லைப் படித்தவர்கள் கூடப் பயன்படுத்த மாட்டார்கள்' என, 1921ல் எழுதினார், மொழியியல் அறிஞர் எட்வர்ட் சபீர். நூறு ஆண்டுகள் கடந்து விட்டன. பேச்சில், 'ஹூம்' குறைந்து விட்டது. ஆனால், எழுத்திலும், பரீட்சையிலும் இன்னும் இருக்கிறது.

அதனால், ஒரு சுலப வழி: கேள்விக்குப் பதில், 'ஹி' என்று வந்தால், 'ஹூ' போடுங்கள், 'ஹிம்' என்று வந்தால், 'ஹூம்' போடுங்கள். இரண்டிலும், 'ம்' இருக்கிறது பாருங்கள்!

பரீட்சையில் வாலை ஒட்ட மறக்காதீர்கள். ஆனால், நண்பன் பேசும்போது விட்டு விட்டால், சிரிக்காதீர்கள். ஷேக்ஸ்பியரே விட்டவர் தானே!