பழைய லென்ஸும் பதினேழரை மில்லிமீட்டரும்

2023 பொங்கல் விழாவில் நான் எடுத்த குரூப் போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "என்ன சார், பேனர் மட்டும் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே?" மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் 'பொங்கலோ பொங்கல்' என்ற எழுத்து கத்தி மாதிரி நறுக்கென்று இருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த முப்பது முகங்களும் மழையில் நனைந்த கோலம் போல. நடுவில் பொன்னாடையோடு அமர்ந்திருந்தவர் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரான மாமி. எண்பத்தெட்டு வயது. அவருக்காகத்தான் அந்தப் படமே.

முப்பத்தாறு வருடம் ரயில்வே பணிமனையில் அளவுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். என் கையிலேயே அளவு தப்பியது எப்படி என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். பரணில் அப்பாவின் கேமராவோ அண்ணாவின் கேமராவோ தூங்கும் வீடுகளுக்கு இது உபயோகப்படலாம்.

1984-இல் கல்கத்தாவில் (அப்போது அதுதான் பெயர்) ஒரு செகண்ட் ஹாண்ட் ஜெனிட் கேமரா வாங்கினேன். ரஷ்யத் தயாரிப்பு. கையில் எடுத்தால் செங்கல் கனம். அதில் இருந்த லென்ஸ் ஹீலியோஸ், 58 மில்லிமீட்டர், எஃப் 2. என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் எடுத்த படங்கள், பிள்ளைகள் தவழ்ந்தது, முதல் நாள் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கண்ணாடி வழியாக வந்தவை. கேமரா செத்துவிட்டது; ஷட்டர் துணி இற்றுப்போயிற்று. லென்ஸ் மட்டும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருந்தது. வங்காளத்து ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவது குழந்தையை வளர்ப்பதற்குச் சமம்.

ஓய்வு பெற்ற பிறகு மகன் ஒரு பழைய லைக்கா எம் 8 வாங்கித் தந்தான். 2006-இல் வந்த மாடல். ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் லைக்காவின் முதல் டிஜிட்டல் கேமரா. லைக்கா லென்ஸ் ஒன்றின் விலையைக் கேட்டபோது என் பென்ஷன் நினைவுக்கு வந்தது. "அப்பா, அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸை மாட்டுங்களேன்" என்றான்.

இதில் உள்ள சூட்சுமம் எளிது. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடுகிறது. அது ஆட இடம் வேண்டுமென்பதால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளியே உட்கார வேண்டும். ஜெனிட்டில், அதாவது எம் 42 என்னும் மரைவகையில், அந்தத் தூரம் 45.46 மி.மீ. நிக்கானில் 46.5. ரேஞ்ச்ஃபைண்டரில் ஆடும் கண்ணாடியே கிடையாது. பார்ப்பதற்குத் தனி ஜன்னல், படத்துக்குத் தனி லென்ஸ். ஆகவே லைக்காவில் தூரம் 27.80 மி.மீ. மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 17.66 மி.மீ. கனத்துக்கு ஒரு வளையம் போட்டால் லென்ஸ் தன் பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தலைகீழாகச் செய்ய முடியாது. லைக்கா லென்ஸை எஸ்.எல்.ஆரில் மாட்டினால் அது முன்னால் தள்ளி நிற்கும். பக்கத்தில் உள்ள பூவை எடுக்கலாம், தூரத்துக் கோபுரம் கிடைக்காது.

அடாப்டர் வந்தது. மாட்டினேன். அபெர்ச்சரைக் கையால் திருகி வைக்கும் பழைய ஏற்பாடு என்பதால் அதில் தகராறு இல்லை. உள்ளே வரும் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஷட்டர் வேகத்தைப் போட்டுக்கொள்கிறது. (அபெர்ச்சர் வளையமே இல்லாத புதுக்கால லென்ஸ்களை வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.) கஷ்டம் ஃபோகஸில்தான். லைக்கா லென்ஸைத் திருகும்போது அதன் பின்புறம் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளும். அதனால் ஜன்னலில் தெரியும் இரண்டு பிம்பங்கள் ஒன்று சேரும். ஜெனிட் லென்ஸுக்கு அந்த உருளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே தூரத்தை நாமே கணித்து, லென்ஸின் மேல் பொறித்திருக்கும் மீட்டர் அளவில் வைக்க வேண்டும். ஜன்னலின் ஒரு மூலையை லென்ஸே மறைத்துக்கொள்ளும், அது வேறு.

காலனித் தோட்டத்தில் பட்டப்பகலில் எஃப் 8 வைத்துப் பத்துப் படம் எடுத்தேன். எல்லாம் பிரமாதம். அந்தத் தைரியத்தில்தான் பொங்கல் விழாவுக்குப் போனேன். ஹாலில் டியூப்லைட் வெளிச்சம். ஆகவே எஃப் 2. டேப்பால் அளந்து சரியாக ஐந்து மீட்டர் வைத்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

பணிமனை டூல் ரூமில் என்னிடம் வேலை கற்ற பையன் இப்போது சூப்பர்வைசர். வீட்டுக்கு மைக்ரோமீட்டர் எடுத்து வந்தான். அடாப்டரை எட்டு இடத்தில் அளந்தோம். 17.51 மி.மீ. இருக்க வேண்டியதற்கு 0.15 குறைவு. "சார், பிராட்கேஜ் சக்கரத்தில் உள்பக்க இடைவெளி 1600-க்கு இரண்டு கூட்டியோ ஒன்று குறைத்தோ இருந்தாலே பாஸ் பண்ணுவோமே, இது என்ன பிரமாதம்?" என்றான். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

58 மி.மீ. லென்ஸை ஐந்து மீட்டரில் வைத்தால், அது முடிவிலியில் இருந்ததைவிட 0.68 மி.மீ. முன்னால் வரும். அடாப்டர் 0.15 தின்றுவிட்டால் மிஞ்சுவது 0.53. அது எந்தத் தூரத்துக்குரியது? 6.4 மீட்டர். பேனர் கட்டியிருந்த இடம் அதுவேதான்! மாமியின் முகத்தில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பரவியிருக்கும் என்றால், 0.15-ஐ அபெர்ச்சர் எண்ணால் வகுக்க வேண்டும். எஃப் 2-இல் 0.075 மி.மீ. இந்தக் கேமராவின் சென்சாரில் ஒரு பிக்ஸல் 0.0068 மி.மீ. ஆக, ஒரு புள்ளி பதினொரு பிக்ஸல் அகலத்துக்கு வழிந்திருக்கிறது. தோட்டத்தில் எஃப் 8-இல் அதே தப்பு மூன்று பிக்ஸலுக்குள் ஒளிந்துகொண்டது. திருட்டுப்பயல் பகலில் நல்லவனாக நடித்திருக்கிறான்.

செய்தவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. அடாப்டர் துளி கனம் கூடினால் தூரத்துப் பொருள் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. இந்த லென்ஸில் 0.15 கூடினால் 22 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் கிடைக்காது. வாங்கியவர் உடனே திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே வேண்டுமென்றே ஒல்லியாகக் கடைகிறார்கள். திரையில் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. லைக்காவிலேயே பின்னால் வந்த 240 வகையில் திரையில் பார்க்கலாம். இப்போது எங்கும் விற்கும் மிரர்லெஸ் கேமராக்களிலும் அப்படியே. உங்களிடம் அது இருந்தால் என் அவஸ்தை உங்களுக்கு வேண்டாம். பொறித்த அளவை நம்பிப் பிழைக்கும் எம் 8-காரன்தான் அகப்பட்டுக்கொள்கிறான்.

வைத்தியம் பழைய வைத்தியமே. அடாப்டர் இரண்டு துண்டு, நான்கு சின்ன ஸ்க்ரூ. நடுவில் 0.15 பித்தளை ஷிம்மை வளையமாக வெட்டி வைத்து முடுக்கினோம். முதல் ஷிம்மில் பிசிறு இருந்ததால் ஒரு பக்கம் 0.03 தூக்கிற்று. எண்ணெய்க் கல்லில் தேய்த்து மறுபடி வைத்தோம். மாடியில் செய்தித்தாளைச் சாய்வாக ஒட்டி, இரண்டு மீட்டர், மூன்று, ஐந்து என்று எஃப் 2-இலேயே சோதித்தேன். வைத்த தூரத்தில் எழுத்து நின்றது. தூரத்தைக் கேமராவின் முதுகுப்பக்கம், சென்சார் இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். லென்ஸ் முனையிலிருந்து அளந்து நான் ஒரு மாலையை வீணாக்கினேன்.

நண்பரின் நிக்கான் 28 மி.மீ. லென்ஸுக்கும் இதே சிகிச்சை செய்தோம். அகலக் கோண லென்ஸில் இன்னொரு வசதி. எஃப் 11 வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. பிறகு ஃபோகஸையே தொட வேண்டாம். துர்கா பூஜைக் கூட்டத்துக்கு இதைவிடச் சௌகரியம் ஏது?

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியின் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, டேப்பின் ஒரு முனையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். "ஏண்டா, ஊரில் ரவிக்கைக்கு அளவெடுக்கிறவன்கூட இத்தனை படுத்தமாட்டான்" என்று சிரித்தார். இரண்டு மீட்டர், எஃப் 2. அந்தச் சிரிப்போடு அழுத்தினேன். மூக்குத்திக் கல்லின் பட்டைகளை எண்ணலாம்.

2024 ஆடியில் மாமி காலமானார். அவர் வீட்டுக் கூடத்தில் மாலையோடு இருப்பது அந்தப் படம்தான். பேனர் தெளிவாக விழுந்த படத்தையும் அவருடைய பேத்தி கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.

மைக்ரோமீட்டரை அந்தப் பையன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. அடாப்டர் வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்துக்குக் கொண்டுவந்தால் அளந்து தருகிறேன். லென்ஸையும் கொண்டு வாருங்கள். டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.