சனிக்கிழமைக்கு மாற்றப்பட்ட பண்டிகை

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி கூறும் நாள். பாடசாலைகள் மூடப்பட்டிருக்கும். தூர நகரங்களில் வாழும் பிள்ளைகள் பெற்றோரின் வீடு தேடிச் செல்வர். ஜேர்மனியிலோ அது வெறும் வியாழக்கிழமை. பரிமாற்ற மாணவராக அங்கு வந்திருக்கும் பதினாறு வயது அமெரிக்கப் பிள்ளை, இருள் விலகுமுன்பே மிதிவண்டியில் புறப்பட்டுக் கணித வகுப்பில் போய் அமர்ந்திருக்கும். அன்று என்ன நாள் என்பது அந்த வகுப்பறையில் அநேகமாக எவருக்கும் நினைவிராது. தைப்பொங்கலன்று பரீட்சை எழுதிய எங்கள் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பாடசாலை மாணவரை ஓராண்டு வேற்றுநாட்டுக் குடும்பமொன்றில் வாழவைக்கும் இவ்வழக்கம் போர்களின் அழிவிலிருந்து பிறந்தது. முதலாம் உலகப் போரில் பிரான்சில் காயமுற்றோரை வண்டிகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பான ஏ.எப்.எஸ்., 1947ஆம் ஆண்டில் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு அழைத்தது. 1951இல் ஜேர்மனியப் பிள்ளைகள் 75 பேர் மிச்சிகன் மாநிலத்துக் குடும்பங்களுக்குச் சென்றனர். அவர்களின் நகரங்கள்மீது குண்டுகள் விழுந்து ஆறு ஆண்டுகளே கடந்திருந்தன. ஜேர்மனியர் கூட்டாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து 300 ஆண்டுகள் நிறைவுற்ற 1983இல், இரு நாடுகளின் நாடாளுமன்றங்களும் இணைந்து மாணவர் பரிமாற்றத்துக்கெனப் புலமைப்பரிசில் திட்டமொன்றை ஏற்படுத்தின.

ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் வந்திறங்கும் மாணவருக்கு முதல் வாரங்கள் விரைந்து ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை, இரவுணவு என்பது பெரும்பாலும் பாணும் பாற்கட்டியும், விளையாட்டுக்குழுக்கள் பாடசாலையில் அல்ல ஊர்க் கழகங்களிலேயே உண்டு என்பவையெல்லாம் புதினங்கள். ஆசிரியரை ஒருவிதமாகவும் தோழனை வேறுவிதமாகவும் விளிக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பிள்ளையைப் பல மாதங்கள் தடுமாற வைக்கும். 'நீ', 'நீங்கள்' பேசி வளர்ந்த நமக்கு அந்தப் பாடம் ஒரே நாளில் விளங்கியது.

புதினம் தீர்ந்தபின் வருவதே தனிமை. நோர்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெரெ லிஸ்கோர் 1955இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்காவில் கற்கச் சென்ற சுமார் இருநூறு நோர்வேஜியரை விசாரித்த அவர், வந்து ஆறு மாதமாகாதவர்களும் பதினெட்டு மாதத்தைக் கடந்தவர்களும் நலமாயிருக்க, இடைப்பட்டவர்களே சோர்ந்திருந்ததைக் கண்டார். பத்து மாதமே தங்கும் பாடசாலைப் பிள்ளைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும், பகல் குறுகி நத்தார் நெருங்கும் காலத்தில்தான் அதன் மனமும் தாழ்கிறது.

நத்தார் இரு நாடுகளுக்கும் பொதுவானதாயிற்றே என எண்ணலாம். அந்தப் பொதுமையே வலிக்கிறது. ஜேர்மனியில் டிசம்பர் 5 இரவு பிள்ளைகள் வாசலில் சப்பாத்தை வைப்பர். மறுநாட் காலை அதற்குள் இனிப்புகள் இருக்கும். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் பசுந்தழை வளையத்தில் வாரமொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றப்படும். 24ஆம் திகதி பிற்பகலில் கடைகள் பூட்டப்பட்டு வீதி அடங்கிவிடும். பல வீடுகளில் மரம் இருக்கும் அறையும் பூட்டப்பட்டிருக்கும். மாலையில் மணியொலித்ததும் கதவு திறக்க, பரிசுப்பொதிகள் அன்றிரவே பிரிக்கப்படும். உணவோ பல குடும்பங்களில் உருளைக்கிழங்குச் சாலட்டும் சொசேச்சும்தான்.

அமெரிக்கப் பிள்ளை அறிந்த நத்தாரோ 25ஆம் திகதி விடியலில், இரவுடையோடு ஓடிவந்து பொதிகளைக் கிழிப்பது. அது விழிக்கும் அந்தக் காலையில் ஜேர்மனியில் எல்லாம் முடிந்திருக்கிறது. நண்பகலில் வீட்டார் வாத்துக் கறியும் சிவப்புக் கோவாவுமாக மேசையில் அமரும்போது நியூயோர்க்கில் காலை ஆறு மணி. தம்பி தங்கையர் துயிலெழும் நேரம். அப்போது தொலைபேசி ஒலித்தால், அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு உணவு இறங்காது.

பரிமாற்ற அமைப்புகள் வரவேற்கும் குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: வந்த பிள்ளையை விருந்தாளியாக வைத்திருக்காதீர்கள், வீட்டுப் பிள்ளையாக நடத்துங்கள். மரத்தை அலங்கரிக்கவும் பாத்திரம் துடைக்கவும் அதனையும் அழையுங்கள். வேலையில்லாமல் சாய்கதிரையில் உட்கார்த்தப்பட்ட பிள்ளையே அழுகிறது. இன்னும் சில குடும்பங்கள் ஒருபடி மேலே செல்கின்றன. நன்றி கூறும் நாளை சனிக்கிழமைக்கு மாற்றி, சமையலறையை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுகின்றன. முழு வான்கோழிக்கு இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தகரத்தில் வரும் பூசணிக்கூழ் எளிதில் அகப்படாமையால் பூசணியை அவித்து மசிக்க வேண்டும். உணவு ஊரில் உண்டதுபோல் இராது. ஆனாலும் அன்று அந்த வீட்டார் அப்பிள்ளையின் விருந்தினர். தீபாவளியையும் பொங்கலையும் சனிக்கிழமை மண்டபத்துக்கு மாற்றிய நமது தாய்மார் செய்ததும் இதுவே.

ஆனால் ஒப்புமை அவ்வளவோடு நின்றுவிடுகிறது. பரிமாற்ற மாணவருக்குத் திரும்பும் நாள் குறிக்கப்பட்டுள்ளது. அழுதால் விசாரிக்கப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. 1980களில் தாய் தந்தையின்றி இந்நாட்டில் வந்திறங்கிய நமது சிறுவருக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. 1982ஆம் ஆண்டின் தஞ்சச் சட்டம், வழக்கு முடியும்வரை அனுமதியின்றித் தம் மாவட்ட எல்லையைத் தாண்டவும் அகதி விண்ணப்பதாரரை விடவில்லை. அவ்விதி பெருமளவு தளர்ந்தது 2015இல்தான். வகுப்புத் தோழி ஓராண்டுக்கு அமெரிக்கா போகிறாள் என்று வந்து சொன்ன பிள்ளைக்கு, பக்கத்து நகரத்துச் சுற்றுலாவுக்கே கடிதம் வாங்கக் கந்தோர் ஏறிய பெற்றோரை நாம் அறிவோம்.

திரும்பிச் செல்வதும் எளிதன்று. சொந்த ஊருக்கு மீண்டவருக்கும் அதே தாழ்வு மறுபடி நேர்கிறதென 1963இல் கல்லஹோர்ன் தம்பதியர் எழுதினர். அமெரிக்காவுக்கு மீண்ட பிள்ளை டிசம்பர் வந்ததும் நான்கு மெழுகுவர்த்திகளைத் தேடும். வீட்டிலுள்ளவர்களுக்கு அது ஏனென்று புரியாது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது பெற்றோருடன் யாழ்ப்பாணம் சென்ற நமது பிள்ளைகளையும் இங்கே நினைக்கலாம். முற்றத்தில் நல்ல கதிரையை அவர்களுக்கே போட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதென்று போத்தல் தண்ணீர் வாங்கிவைத்தார்கள். வேலை எதுவும் செய்ய விடவில்லை.