மலை ரயிலுக்கே ஒரு நாள்

கோடை விடுமுறையில் ஊட்டிக்குக் கிளம்பும் குடும்பங்கள் பெரிய பட்டியலோடுதான் போகின்றன: தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா. கூட வரும் நான்கு வயதுக் குழந்தைக்கு அதில் பாதிப் பொழுது காரிலும் வரிசையிலுமே போய்விடும். ஒரு நாளாவது அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் ஏறும் மலை ரயிலையே சுற்றுலாவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் 46 கி.மீ.தான். காலை ஏழு மணிக்குமேல் புறப்படும் வண்டி ஊட்டி சேர நண்பகல் ஆகும். கல்லாறு வரை மற்ற ரயில்களைப் போலத்தான். அதற்கப்புறம் பாதை செங்குத்தாகிறது. மிகக் கடினமான இடங்களில் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். அங்கே இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். நீராவி எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்வியபடி ஏறுகின்றன. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம்; பிடி ஒரு நொடியும் விடாது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதும் இல்லை. கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது, பெட்டி எதுவும் பின்னோக்கி உருண்டுவிடாதபடி. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த இந்தப் பாதையை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பற்களைக் கவ்வி ரயில் ஏறுவதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? முதல் நாள் மாலை என் மகளுக்கு அவள் அண்ணனின் சைக்கிள் செயினைச் சுற்றிக் காட்டினேன். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கினோம். நடைமேடையில் குந்தி உட்கார்ந்து, கறுத்து மினுங்கிய அந்தப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ரயிலு கடிச்சுக் கடிச்சு ஏறுது!" அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

சில முன்னேற்பாடுகள் தேவை. பெட்டியில் கழிப்பறை கிடையாது. நிற்கும் நிலையங்களில் மறக்காமல் கூட்டிப் போங்கள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் சின்னவர்களுக்குக் காது அடைக்கும். அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தால் சரியாகும். பொடி தடவிய இட்லி போதும். குரங்குகள் இருப்பதால் ஜன்னலோரத்தில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து வண்டி நின்றுபோவதுண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கிடைக்கவில்லையா? குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அந்தப் பகுதியில் பற்கள் இல்லை, டீசல் எஞ்சின்தான். ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு உண்டு. இரண்டு வயதுக்காரருக்கு இதுவே தாங்கும்.

அன்றைக்கே கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் பிடித்துத் திரும்ப நினைக்காதீர்கள். களைத்த வயிறு குமட்டும். இரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.